உடன் வந்தவர்

ராயபுரத்தில் எங்கள் கோர்ட்டுக்குக்
கூரை பதினெட்டடி.
பாரிஷ் ஹாலின் இரும்பு உத்தரத்தில்
காக் பட்டால் பாயின்ட் போச்சு.
அதனால் தூக்கி அடிக்க நாங்கள் கற்கவே இல்லை.
பின்னாளில் ஒரு நிருபர் கேட்டார்,
வலையை உரசிக்கொண்டே போகும் இந்த ஆட்டம்
எந்தக் கோச் கொடுத்தது?
ஹாலைக் கட்டின கொத்தனார் என்றேன்.
அவர் அதைப் போடவில்லை.

ஹெப்சிபா முன்னால், நான் பின்னால்.
அவள் குட்டை என்பதால் அல்ல,
அவள் ஷூவின் அடி வாய் பிளந்திருந்தது.
முன்னால் நிற்பவளுக்கு ஓட்டம் குறைவு
என்று கணக்குப் போட்டோம்.
தப்புக் கணக்கு.

மூன்றாவது ஜன்னலில் கண்ணாடி கிடையாது.
சாயங்காலம் காசிமேட்டுக் காற்று
மீன் வாடையோடு உள்ளே வரும்,
காக் ஒரு சாண் மேற்கே நகரும்.
அதற்கும் சேர்த்துத்தான் அடிப்போம்.
முதல் ஜூனியர் அரையிறுதி புவனேஸ்வரில்,
மூடின அரங்கம், மெழுகுவர்த்தி அசையாது.
இல்லாத காற்றுக்காக ஒரு சாண் தள்ளித் தள்ளி
பதினோரு பாயின்டை வெளியே போட்டோம்.
ரயிலில் பூரி தின்றபடி ஹெப்சி சொன்னாள்:
"அடுத்த தபா
ஜன்னலையும் இட்டுனு வந்துர்லாம்டி."

இரட்டையர் ஆட்டத்தில் கேள்வி ஒன்றுதான்.
நடுவில் வருவது யாருடையது?
ஏழு வருடம் நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
எப்படி என்றால் தெரியாது.
அவள் இடது தோள் கொஞ்சம் இறங்கும்,
நான் போய்விடுவேன்.
ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் போனோம்.
என் பேட் அவள் புருவத்தில்.
ஸ்டான்லியில் நாலு தையல்.
யார் அடிச்சது என்றார் டியூட்டி டாக்டர்.
"ஃப்ரெண்டுதான் சார்."
அவர் போலீசுக்கு எழுதப் பார்த்தார்.

கேம்ப் கடிதம் வந்தது.
உறையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது,
உள்ளே ஒரு பெயர்.
ஹெப்சி ஒன்றும் சொல்லவில்லை.
என் பேட்டுக்குப் புது கிரிப் சுற்றிக் கொடுத்தாள்,
இடக்கைக்காரி, தன் வாக்கில்.
என் உள்ளங்கையில் அது
பிரிந்து பிரிந்து எழுந்தது.
அவிழ்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஜஸ்கிரண் ஐந்தடி ஒன்பதங்குலம்.
நடுவில் வந்தால் 'மேரா' என்று கத்துவாள்,
நான் 'என்னுது' என்று கத்துவேன்,
கத்திக் கத்தியே ஜெயித்தோம்.
தேசியப் பட்டம் மூன்று.
வெளிநாட்டில் ஒரு தங்கம்,
இரண்டு வெண்கலம்,
ரயில்வேயில் வேலை.
வண்ணாரப்பேட்டை சுவரெல்லாம் 'வடசென்னையின் தங்கமே'.
கவுன்சிலர் படம் பெரிதாக, நான் சிறிதாக,
என் கையில் டென்னிஸ் பேட்.

பதினான்காவது வருடம் முட்டி போனது.
வலி வந்த இடம் நடு.
ஜஸ்கிரண் கத்தினாள், நானும் கத்தினேன்,
இந்த முறை அது ஆட்டத்துக்கான கத்தல் இல்லை.

கொருக்குப்பேட்டை ஸ்கேன் சென்டர்.
கவுன்டரில் ஹெப்சி.
எட்டு வருடமாக அங்கேதான் என்று
யாரோ சொல்லித் தெரியும்,
அதனாலேயே பக்கத்துத் தெரு சென்டருக்குப்
போகிறவள்தான் நான்.
அன்றைக்கு அங்கே மெஷின் ரிப்பேர்.

"டோக்கன் முப்பத்திநாலு. சுகந்தி."
மைக்கில் கூப்பிட்டுவிட்டுத்
தலை நிமிர்ந்தாள்.
புருவத்தில் தையல் போட்ட இடத்தில்
இன்னும் முடி முளைக்கவில்லை.

ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்து
வயது கேட்டாள், தெரியாததுபோல.
போன் நம்பர் கேட்டாள்.
உடம்பில் கம்பி, பிளேட் ஏதாவது வைத்திருக்கிறதா என்றாள்.
இல்லை.
உடன் வந்தவர் என்ற கட்டம் வந்தது.
இடது தோள் கொஞ்சம் இறங்கியது.
கேட்கவில்லை.
தன் பெயரை எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போனாள்.

பில் நாலாயிரத்து இருநூறு.
டிஸ்கவுன்ட் எல்லாம் கிடையாதாம்.